காளிக்கு ஏன் கூச்சம்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை உள்ள பால்வாடிகளிலும் நர்சரிப் பள்ளிகளிலும் இப்போது ஒரு சார்ட்டை அடிக்கடி பார்க்க முடிகிறது. மஞ்சள் நிறத்தில் ஆறேழு வட்ட முகங்கள். ஒன்று சிரிக்கும், ஒன்று அழும், ஒன்று புருவத்தை நெரிக்கும், ஒன்று வாயைப் பிளந்து பயந்து நிற்கும். டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினால் பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்லிவிடுவார்கள். அந்தச் சார்ட்டை நான் குறை சொல்லமாட்டேன். உணர்ச்சிக்கும் வகுப்பில் ஓர் இடம் உண்டு என்று நாம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் யாரும் அதோடு நின்றுவிட முடியாது. கோப முகத்தைப் பார்த்து ‘கோபம்’ என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, தன் பந்தைப் பிடுங்கியவனை அடுத்த நிமிடமே கடித்துவைக்கிறது. பெயர் தெரிந்திருக்கிறது, தனக்குள் கிளம்பியது அதுதான் என்றும், அது எதனால் வந்தது என்றும் தெரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் படப் புத்தகம் வேண்டும் என்பது இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். உணர்ச்சிக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குத் தருவதே புத்தகத்தின் தலையாய வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வயதில் பிள்ளைகள் உணர்ச்சியை முதலில் உடம்பால் பேசுகிறார்கள். வயிறு வலிக்கிறது என்பார்கள், சோறு இறங்காது, படுத்த பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவார்கள். பெரியவர்கள் நாம் அதைப் பிடிவாதம் என்றோ சேட்டை என்றோ எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வட்டாரத்தில் அந்த வயிற்று வலிக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் பலவிதம். கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அப்பா கடலுக்குப் போனால் திரும்பும் நேரத்தைக் காற்றுதான் முடிவுசெய்கிறது. சூளை வேலைக்குப் போகும் குடும்பம் பருவம் வந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறது. பிள்ளைக்குப் பள்ளியும் சேக்காளிகளும் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். மறைமலை நகர்ப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பட்டப்பகலில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை சத்தம் போடாமல் விளையாட வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பிள்ளையிடம் இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். சிறு பிள்ளைகள் தொடக்கத்தில் உணர்ச்சிகளை நல்லது, நல்லதல்லாதது என்று இரண்டே வகையாகப் பார்க்கிறார்கள் என்பதை ஷெர்ரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற உளவியலாளர்கள் தங்கள் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். துக்கம், கோபம், பயம், அருவருப்பு எனத் தனித்தனியாகப் பிரியச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகள்தாம் பால்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் கழிகின்றன. கோபத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளையிடம் கோபத்தைப் பற்றிப் பேச முடியாது. படப் புத்தகத்திலோ அந்தக் கணம் அசையாமல் நிற்கிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய், என்ன நடந்ததால் இந்த முகம் இப்படி ஆனது என்று பார்க்கலாம். நிறுத்தாமல் ஓடும் கைப்பேசிக் காணொளியில் இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

காரணமின்றி உணர்ச்சி இல்லை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. பட்டியலோடு அது முடிந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. அழுகைக்கு இழப்பு ஒரு காரணம் என்பது யாருக்கும் தோன்றும். பிறர் இழிவாக நடத்துவதையும் வறுமையையும் அதே வரிசையில் வைத்திருப்பதுதான் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அச்சத்துக்கு விலங்கும் கள்வரும் மட்டும் காரணமல்ல, தமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவரும் காரணம். பெருமிதத்துக்குக் கல்வி ஒரு காரணம், அஞ்சாமை ஒரு காரணம். இது செய்யுளுக்காக எழுதிய இலக்கணம், குழந்தை வளர்ப்புக்காக எழுதியதல்ல என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அதன் அமைப்பு என் வேலைக்கு நேராகப் பயன்படுகிறது. முகத்தைக் காட்டிப் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், பெயருக்குப் பின்னால் இருக்கும் நிகழ்ச்சியைக் கேட்கச் சொல்கிறது அது. உணர்ச்சியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது மேல்நாட்டுப் பழக்கம், நம் வீடுகளுக்கு ஒட்டாது என்று சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில். நாடகத்திலும் கூத்திலும் பாட்டிலும் உணர்ச்சியை இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது. அந்த நுட்பத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ‘அழாதே’ என்ற ஒற்றைக் கட்டளையைத் தந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் மாற வேண்டியது.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னை துலிகா பதிப்பகம் வெளியிட்ட, ஸாய் விட்டேக்கர் எழுதி ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த ‘காளி அண்ட் தி ராட் ஸ்நேக்’. காளி ஓர் இருளர் பழங்குடிச் சிறுவன். அவன் அப்பா பாம்பு பிடிப்பவர். வீட்டில் அந்தத் தொழில் பெருமைக்குரியது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே அதையே சொல்லக் கூசுகிறான். சாப்பாட்டு வேளையில் அவன் தின்னும் வறுத்த ஈசலைப் பார்த்து மற்றவர்கள் விலகுகிறார்கள். பிறகு ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு நுழைகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். கதை நடக்கும் உலகம் கற்பனை அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வாணிகம் முடங்கி, இருளர் குடும்பங்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையை ஒட்டி, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை அங்கே எடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு நாடெங்கும் போடும் மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் தொடங்குகிறது. 2023இல் செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். இத்தனை மதிப்புள்ள அறிவைச் சுமக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வியை எந்த முகச் சார்ட்டாலும் எழுப்ப முடியாது. கதையால் முடிகிறது.

அந்த ஈசல் தின்னும் இடத்தை எப்படி வாசிப்பது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் கைப்பக்குவம் அங்கேதான் இருக்கிறது. புத்தகம் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். வாசிப்பவர் பக்கவாட்டில் உட்கார வேண்டும். எழுத்தை வாசிப்பதற்கு முன் படத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் கேள்வி கண்ணுக்கானது: என்ன தெரியுது? அடுத்தது பார்வைக்கானது: யார் யாரைப் பார்க்கிறாங்க? அதற்குப் பிறகுதான் காளிக்கு இப்போ எப்படி இருக்கும் என்று கேட்கலாம். பதில் ‘வெட்கமா இருக்கும்’ என்று வரலாம், ‘வயிறு வலிக்கும்’ என்றும் வரலாம். இரண்டாவது பதிலைத் திருத்தக் கூடாது. அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் சொல்கிறது. நான்காவது கேள்விதான் முக்கியம்: எதனால? இங்கே வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். வகுப்பறையில் மௌனம் நமக்குப் பெரிய சங்கடம், உடனே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை முந்தைய பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் மனத்துக்குள் கோத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் நான் எப்போதும் தவிர்ப்பேன்: உனக்கு இப்படி நடந்திருக்கா? காளியைப் பற்றிப் பேசும்வரை பிள்ளை பத்திரமாக இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அது தானாகச் சொல்லும். கேட்டு வாங்கினால் வகுப்பு முழுக்க அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும்; எந்தக் கூச்சத்தைப் போக்க வந்தோமோ அதையே கூட்டிவிடுவோம். எங்கள் பக்கம் மழை பெய்து ஈசல் கிளம்பும் நாளில் அதைப் பிடித்து வறுத்துத் தின்பது இருளர் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. அதனால் இந்தப் பக்கத்தில் ‘ஈசல் ருசியா இருக்குமே, அதுக்கு எதுக்கு விலகணும்?’ என்ற பேச்சு பிள்ளைகளிடமிருந்தே எழ வழி இருக்கிறது. காரணத்தைத் தேடத் தொடங்கிய பேச்சு, அந்தக் காரணம் நியாயமா என்று கேட்கும் இடத்துக்குத் தானே வந்துசேர்கிறது.

கேள்வி கேட்பதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு ஆய்வுகளிலும் தெளிவாகத் தெரிகிறது. ஜூடி டன் தன் சகாக்களோடு 1991இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வயதில் வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசிய பிள்ளைகள் ஆறு வயதில் பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதில் முன்னே இருந்ததைக் காட்டியது. செலியா பிரவுனெல் குழுவினர் 2013இல் இன்னும் சிறிய பிள்ளைகளைப் பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து படப் புத்தகம் பார்க்கிறார்கள். அப்போது பேசுவதைப் பதிவுசெய்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் மற்றவருக்கு உதவுகிறார்களா, பகிர்ந்துகொள்கிறார்களா என்று பார்க்கிறார்கள். உணர்ச்சியின் பெயரையும் காரணத்தையும் பெற்றோரே சொன்னது பயனோடு தொடர்புபடவில்லை. பிள்ளையைச் சொல்லவைத்ததுதான் தொடர்புபட்டது. இத்தாலியில் வெரோனிகா ஒர்னாகி குழுவினர் 2011இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் கதை எல்லோருக்கும் வாசிக்கப்பட்டது. கதைக்குப் பின் பேச்சு ஒரு பகுதியினருக்கு மட்டும் நடந்தது. முன்னேறியவர்கள் பேசியவர்கள். இவற்றைவிட என்னைச் சிந்திக்கவைத்தது கனடாவில் ஜோன் பெஸ்கின், ஜேனட் ஆஸ்டிங்டன் 2004இல் வெளியிட்டது. கதைகளில் ‘நினைத்தான்’, ‘அறிந்தான்’ போன்ற சொற்களை வலிந்து சேர்த்து ஒரு குழுவுக்கும், அவை இல்லாமல் இன்னொரு குழுவுக்கும் வாசித்தார்கள். சேர்த்துக் கேட்ட பிள்ளைகள் அந்தச் சொற்களை அதிகம் பயன்படுத்தினார்கள். ஆனால் பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று விளக்குவதில் அவை இல்லாமல் கேட்டவர்களே மேல். எழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. நல்ல படப் புத்தகம் கொஞ்சம் சொல்லாமல் விடுகிறது, அந்த இடத்தைப் பிள்ளை நிரப்புகிறது.

எந்தப் புத்தகம் என்ற கேள்வி இதிலிருந்தே கிளைக்கிறது. குழந்தைப் புத்தகம் என்றாலே முயலும் கரடியும் சட்டை போட்டுக்கொண்டு பேச வேண்டும் என்ற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. டொரண்டோவில் பாட்ரீஷியா கானியாவும் சகாக்களும் செய்த ஆய்வொன்றில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும் விலங்குப் பாத்திரங்களோடும் வாசித்துப் பார்த்தார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை அதிகம் பகிர்ந்தார்கள். விலங்கு வந்த கதை அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு பஞ்சதந்திரத்தை ஓரங்கட்ட நான் தயாரில்லை. நேரடியாகப் பேசக் கடினமான சிலவற்றை, குறிப்பாகப் பொறாமையையும் பயத்தையும், விலங்குக் கதை இலகுவாகப் பேசவைக்கிறது. ஆனால் அலமாரி முழுக்க விலங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுமாக இருந்தால், உணர்ச்சி என்பது வேறு யாருக்கோ, வேறு எங்கோ நடப்பது என்றாகிவிடும். ஓலைக் கூரையும் ஏரிக்கரையும் சத்துணவுத் தட்டும் கட்டுமரமும் வரும் புத்தகங்கள் வேண்டும். அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதற்கான அனுபவம் அவர்களிடமே இருக்கிறது.

காளியின் கதைக்கு ஒரு வலுவான ஆட்சேபமும் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாம்பு வந்ததால் காளி வீரனானான். பாம்பு வராமலே போயிருந்தால்? வேறு யாருக்கும் இல்லாத ஒரு திறமையைக் காட்டினால்தான் ஓர் இருளர் பிள்ளைக்கு வகுப்பில் மரியாதை என்றால், அந்த நிபந்தனையே அநியாயம் அல்லவா? நியாயமான கேள்விதான். புத்தகத்தை ஒதுக்கிவைக்க இதை ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை; இதையே பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்கிறேன். பாம்பு வரலைன்னா காளி மறுநாள் எங்கே உட்கார்ந்திருப்பான்? யார் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்? இப்படிக் கேட்டால் கதையின் கவனம் காளியிடமிருந்து அவனைச் சுற்றியிருந்தவர்களுக்கு நகர்கிறது. உணர்ச்சிக் கல்வி என்ற பெயரில் நடக்கும் பெரிய தவறு, காயப்பட்ட பிள்ளையை மட்டும் தனியே அழைத்துத் தைரியம் சொல்வது. அவன் கூச்சத்தின் காரணம் அவனுக்குள் இல்லை. விலகியவர்களிடமும், அதைப் பார்த்தும் பேசாமல் இருந்த பெரியவர்களிடமும் இருக்கிறது. ஆகவே இந்தப் புத்தகத்தை இருளர் பிள்ளைகளுக்கான புத்தகம் என்று நினைத்து அவர்கள் வகுப்பில் மட்டும் வாசிப்பதில் பயன் பாதிதான். யாரையும் பார்த்து முகம் சுளித்துப் பழகாத வயதிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை வாசிக்க வேண்டும். தொல்காப்பியம் அழுகையின் காரணங்களில் ஒன்றாக இழிவை வைத்ததன் பொருள் இந்த இடத்தில் முழுமையாகப் புரிகிறது.

பயத்தையும் துக்கத்தையும் பற்றி வாசித்தால் பிள்ளை மேலும் பயப்படாதா என்பது பெற்றோரிடமிருந்து வரும் அடுத்த ஆட்சேபம். கடலோரத்தில் இதற்குக் கனம் அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன் வயதில் இருக்கிறார்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, தூங்காமல் இருந்த பெரியவர்களின் முகத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் பேசாமல் இருப்பதால் பிள்ளைக்குப் பயம் தெரியாமல் போவதில்லை. பேசக் கூடாத ஒன்று என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஆட்சேபம் மற்ற நாடுகளும் கடந்துவந்ததுதான். மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தில் சேட்டை செய்த சிறுவனைத் தாய் சாப்பாடு தராமல் அறைக்கு அனுப்புகிறாள். அவன் கற்பனையில் கடல் கடந்து கோர உருவங்களின் தீவுக்குப் போகிறான். பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1969இல் பத்திரிகையில் கண்டித்தே எழுதினார். பிள்ளைகளோ அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தச் சிறுவன் வீடு திரும்புகிறான், சோறு சூடாக இருக்கிறது. நான் தேடும் அளவுகோலும் இதுதான். பயத்தைக் காட்டும் புத்தகம், அதிலிருந்து திரும்பி வரும் வழியையும் காட்ட வேண்டும். வழி காட்டாத புத்தகம் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. ஒரு புயல் கடந்த அடுத்த நாளே புயல் கதையைக் கையில் எடுப்பதும் கூடாது; காற்று அடங்கி, வீட்டில் வேலைகள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகே எடுக்கலாம்.

எழுத்தும் எண்ணும் கற்க வேண்டிய நேரத்தில் இதற்கு ஏது நேரம் என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதே கொரோனாக் காலத்தில் விட்டுப்போன அடிப்படைகளை மீட்கத்தான். அந்தக் கவலை உண்மையானது. அதே ஆண்டு வெளியான, மூன்று முதல் எட்டு வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் உணர்ச்சி வளர்ச்சியையும் கற்றலின் பகுதியாகவே வைக்கிறது. ஆவணத்தை விடுவோம், வாசிப்பு என்ற செயலையே எடுத்துக்கொள்வோம். காளி ஏன் தலையைக் குனிந்தான் என்று யோசிக்கும் பிள்ளை, சொல்லப்பட்டதிலிருந்து சொல்லப்படாததைக் கண்டடைகிறது. மேல்வகுப்புகளில் நாம் பொருளுணர்தல் என்று மதிப்பெண் போடுவது இதற்குத்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தும் கதையில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் நான்காம் வகுப்பில் தடுமாறுகிறார்கள். உணர்ச்சியைப் பேசவைத்தால் பிள்ளை செல்லம் கொஞ்சும், உறுதி குறையும், அதிலும் ஆண் பிள்ளைக்கு இது ஆகாது என்பது இதோடு ஒட்டிவரும் வாதம். பிரவுனெல் ஆய்வு இதற்கு நேர் எதிரானதைக் காட்டியது. பேசவைக்கப்பட்ட பிள்ளைகள் பிறருக்கு விரைந்து உதவினார்கள். தன் பயத்தைச் சொல்லத் தெரிந்த பையன், அடுத்தவன் பயத்தைக் கண்டு கேலி செய்ய மாட்டான். அதைவிட என்ன உறுதி வேண்டும்?

புத்தகத்துக்கு எங்கே போவது என்பது நடைமுறைக் கேள்வி. நிலைமை முன்புபோல் இல்லை. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். அதுவும் இல்லாத நாளில் எங்களுக்கு மாமல்லபுரம் இருக்கிறது. கிருஷ்ண மண்டபத்துக்குள் போய் நின்றால், ஏழாம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிய கோவர்த்தனக் காட்சி நேர் எதிரே இருக்கிறது. இந்திரன் மழையைக் கொட்டுகிறான். கண்ணன் மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஊரே அதன் கீழ் ஒதுங்கியிருக்கிறது. ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு கழுத்தைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே எழுத்து ஒன்றுகூட இல்லை. வெளியே மழையும் இடியும், இந்த மாடு ஏன் பயப்படலை என்று கேட்டால் போதும். பிள்ளைகள் மாட்டைப் பார்ப்பார்கள், கன்றைப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து மலையைத் தாங்கும் கையைப் பார்ப்பார்கள். கன்னு பக்கத்துலயே இருக்கு, மேல பிடிச்சிருக்காங்க என்று காரணங்களைத் தாங்களே எண்ணிச் சொல்லலாம். புயல் கடக்கும் கரையில் வளரும் பிள்ளைக்கு, பயம் எதனால் குறைகிறது என்று பேச இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. புத்தகத்தில் கற்ற பார்வை புத்தகத்துக்கு வெளியேயும் வேலைசெய்கிறது என்பதற்கும் இது சாட்சி.

புத்தகத்தால் ஆகாதவையும் உண்டு. அது சிகிச்சை அல்ல. வாரக்கணக்கில் பேசாமல், உண்ணாமல், உறங்காமல் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். கதையைப் பேசும் சாக்கில் தனக்கு நடந்த கொடுமையைப் பிள்ளை சொல்லிவிட்டால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். எல்லோர் முன்னும் கிளறாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வழியாகவோ பொறுப்பானவர் வழியாகவோ உதவி தேட வேண்டும். இந்த முறையின் மிகப் பெரிய சுமை பெரியவர்மேல்தான் விழுகிறது. எதனால என்று பிள்ளையிடம் கேட்டவர், வந்த பதிலுக்குக் கடமைப்பட்டவராகிறார். பசி என்றால் சோறு, கேலி என்றால் அதை நிறுத்துவது, ஆசிரியரின் பிரம்பு என்றால் பிரம்பைக் கீழே போடுவது. காரணத்தைத் தெரிந்துகொண்டும் சும்மா இருந்தால், பேசிப் பயனில்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே பால்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் நடக்கும் பயிற்சிகளில் முகச் சார்ட்டோடு முழுப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வாசிக்கட்டும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து, கேள்விக்குப் பின் காத்திருக்கப் பழகட்டும். வந்த பதிலை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் என்ன மாற்றுவது என்று அவர்கள் கூடிப் பேசும்போதுதான் அந்தப் பயிற்சி முழுமையாகிறது.